சுயேச்சையாக எம்.எல்.ஏ. தேர்தலில் நிற்கிறீர்களா? மனு எழுதுவது முதல் கணக்கு ஒப்படைப்பது வரை

2017 டிசம்பரில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தல் நடந்தது. நடிகர் விஷால் சுயேச்சையாக மனு கொடுத்தார். ஊரெல்லாம் தெரிந்த முகம், கூட ஓட ஆள் படை, எல்லாம் இருந்தது. பரிசீலனையில் மனு தள்ளுபடி. முன்மொழிந்த பத்துப் பேரில் இரண்டு பேர், "அது எங்கள் கையெழுத்து இல்லை" என்று சொன்னதுதான் காரணம். அதே தேர்தலில் சுயேச்சையாக நின்ற இன்னொருவர் டி.டி.வி. தினகரன். அவர் பிரஷர் குக்கர் சின்னத்தில் 40,707 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். தி.மு.க. வேட்பாளருக்கு டெபாசிட் போனது.

சுயேச்சையாக நிற்க வேண்டும் என்று யாராவது என்னிடம் வந்தால் இந்தக் கதையைத்தான் முதலில் சொல்வேன். வருகிறவர்கள் கேட்பதெல்லாம் நோட்டீஸ் எப்படி அடிப்பது, வேன் எங்கே கிடைக்கும் என்றுதான். அதெல்லாம் அப்புறம். வாக்கு வாங்குவது உங்கள் சாமர்த்தியம், அதில் நான் தலையிட முடியாது. மனுவை நிற்க வைப்பது காகித வேலை. அதைக் கற்றுக்கொள்ளலாம். கீழே இருப்பது பெரும்பாலும் அந்தக் காகித வேலை பற்றியது.

முதலில், நிற்கத் தகுதி இருக்கிறதா?

இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். மனு பரிசீலனை நடக்கும் நாளில் 25 வயது முடிந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஏதாவது ஒரு தொகுதியில் வாக்காளராக இருக்க வேண்டும். நிற்கிற தொகுதியிலேயே ஓட்டு இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நாகர்கோவிலில் ஓட்டு வைத்திருப்பவர் திருத்தணியில் நிற்கலாம். மொத்தம் உள்ள 234 தொகுதிகளில் 44 பட்டியல் சாதியினருக்கும் 2 பழங்குடியினருக்கும் ஒதுக்கப்பட்டவை. அந்த இரண்டு ஏற்காடும் சேந்தமங்கலமும். தனித்தொகுதியில் நிற்க சாதிச் சான்றிதழ் வேண்டும்.

வழக்கு இருந்தால் நிற்க முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். நிலுவையில் உள்ள வழக்கு தடையல்ல, அதை மறைப்பதுதான் வம்பு. தண்டனை வேறு விஷயம். இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை கிடைத்தால் தீர்ப்பு நாளிலிருந்தே தகுதி போய்விடும், விடுதலையான பிறகும் ஆறு ஆண்டுக்கு நிற்க முடியாது. சில குற்றங்களுக்கு அபராதம் விதிக்கப்பட்டாலே போதும். மேல்முறையீடு செய்துவிட்டுப் பதவியில் தொடரும் வசதி எம்.எல்.ஏ.க்களுக்கு முன்பு இருந்தது. 2013இல் லில்லி தாமஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை எடுத்துவிட்டது. 2014 செப்டம்பரில் ஜெயலலிதா ஸ்ரீரங்கம் எம்.எல்.ஏ. பதவியை இழந்தது அதனால்தான்.

புதியவர்கள் கவனிக்காமல் விடுவது இரண்டு உண்டு. ஒன்று, அரசு வேலையில் இருந்துகொண்டு நிற்க முடியாது. விடுப்புப் போட்டால் போதாது, ராஜினாமா ஏற்கப்பட்டிருக்க வேண்டும். இன்னொன்று, மாநில அரசோடு நடப்பில் இருக்கும் ஒப்பந்தம். சாலை, கட்டட வேலை எடுத்துச் செய்கிறவர்கள் வேலை முடிந்ததா, ஒப்பந்தம் யார் பெயரில் இருக்கிறது என்பதையெல்லாம் வக்கீலிடம் காட்டிவிட்டு இறங்குவது நல்லது.

கையில் எத்தனை நாள்?

நினைப்பதைவிடக் குறைவு. 2021 தேர்தலையே எடுத்துக்கொள்வோம். அறிவிக்கை மார்ச் 12, மனு கொடுக்கக் கடைசி நாள் மார்ச் 19, பரிசீலனை 20, வாபஸ் பெறக் கடைசி நாள் 22, வாக்குப்பதிவு ஏப்ரல் 6. ஒரு வாரம் இருக்கிறதே என்று தோன்றும். நடுவில் வந்த சனி, ஞாயிறைக் கழித்தால் ஆறே நாள். ஒரு நாளில் காலை 11 மணி முதல் பிற்பகல் 3 மணி வரைதான் மனு வாங்குவார்கள். ஆக மொத்தம் 24 மணி நேரம்.

அந்த நேரத்திலும் ராகு காலம், எமகண்டம் பார்க்கிறவர்கள் பாதிப்பேர். அந்த மார்ச் 19 ஒரு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரை முதல் பன்னிரண்டு. அதாவது பதினொரு மணிக்குக் கதவு திறந்தாலும் பன்னிரண்டுக்குப் பிறகுதான் கூட்டம் வரும். உங்களுக்கு அதில் நம்பிக்கை இல்லையென்றால் ராகு காலத்திலேயே போங்கள், அலுவலகம் காலியாக இருக்கும். அதிகாரியும் ஒவ்வொரு பக்கத்தையும் நிதானமாகப் புரட்டி, குறையைச் சொல்லித் தருவார். கடைசி நாள் இரண்டரை மணிக்குப் போனால் அந்த நிதானம் யாருக்கும் இருக்காது. 3 மணிக்குள் வளாகத்துக்குள் வந்துவிட்டவர்களுக்கு டோக்கன் கொடுத்து வாங்கிக்கொள்வார்கள் என்றாலும் அதை நம்பி இருக்க வேண்டாம்.

என் வழக்கம், முதல் மனுவை மூன்றாம் நாளுக்குள் கொடுத்துவிடுவது. ஒரு தொகுதியில் ஒருவர் நான்கு மனு வரை கொடுக்கலாம். இது ஏதோ விளம்பரத்துக்காக வைத்த ஏற்பாடு என்று நினைத்துவிடாதீர்கள். முதல் மனுவில் ஓட்டை விழுந்தால் இரண்டாவது காப்பாற்றும்.

பத்துப் பேர்

அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்கு ஒரே ஒருவர் முன்மொழிந்தால் போதும். சுயேச்சைக்கும் அங்கீகாரம் இல்லாத பதிவுபெற்ற கட்சியின் வேட்பாளருக்கும் பத்துப் பேர் வேண்டும். பத்துப் பேரும் நீங்கள் நிற்கும் அந்தத் தொகுதியின் வாக்காளர்களாக இருக்க வேண்டும். வேட்பாளருக்கு அந்தக் கட்டாயம் இல்லை, முன்மொழிபவருக்கு உண்டு. பலர் கோட்டை விடுவது இங்கேதான். சென்னையில் தெருவுக்குத் தெரு தொகுதி மாறும். அண்ணன் ஒரு தொகுதி, எதிர்வீட்டுக்காரர் இன்னொரு தொகுதி என்று இருக்கும். 2008 மறுசீரமைப்பில் எல்லைகள் மாறின. இன்னும் பழைய தொகுதிப் பெயரையே சொல்லிக்கொண்டிருக்கும் பெரியவர்கள் நிறையப் பேர் உண்டு. வாய்ச்சொல்லை நம்பாமல் பட்டியலில் பாருங்கள்.

பட்டியல் என்றால் கடைசியாக வெளியான இறுதி வாக்காளர் பட்டியல், அதோடு துணைப் பட்டியல். ஒவ்வொருவருக்கும் பாகம் எண், வரிசை எண் இரண்டையும் மனுவில் எழுத வேண்டும். பழைய பூத் சிலிப்பைப் பார்த்து எழுதாதீர்கள், பட்டியலைத் திருத்தும்போது வரிசை எண் மாறிவிடும். எண்ணில் ஒரு இலக்கம் தவறிப்போனால் அது எழுத்துப் பிழை, அதிகாரியே திருத்த அனுமதிக்கலாம். ஆள் தொகுதியிலேயே இல்லை என்றால் அதைத் திருத்த வழியே இல்லை.

சரி, யாரைப் பிடிப்பது? பெரிய மனிதர்கள் வேண்டாம். பரிசீலனையன்று ஒரு போன் வந்தால் பின்வாங்காதவர்கள் வேண்டும். கடைக்காரர், அரசு உதவி எதிர்பார்த்து விண்ணப்பம் போட்டிருப்பவர், உள்ளூர்க் கவுன்சிலரின் சொந்தக்காரர் இவர்களையெல்லாம் யோசித்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் மேல் தப்பில்லை. நெருக்க ஆரம்பித்தால் முதலில் நெருக்கப்படுவது அவர்கள்தான். ஒருமுறை நான் எழுதிக் கொடுத்த மனுவில் ஏழாவதாகக் கையெழுத்துப் போட்டவர், தாக்கல் செய்த அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்து, "என் பெயரை எடுத்துடுங்க தம்பி, மச்சான் கோவிச்சுக்கிறார்" என்று நின்றார். நல்லவேளை, இரண்டாவது மனு வேறு பத்துப் பேர் கையெழுத்தோடு பையில் இருந்தது. மறுநாள் காலை கொடுத்தோம். அன்றிலிருந்து இதை விதியாகவே வைத்திருக்கிறேன்: இரண்டு மனு, ஒரு மனுவில் இருப்பவர் இன்னொன்றில் இருக்கக் கூடாது, ஆக இருபது பேர். உங்கள் தொகுதியில் இருபது பேர் கையெழுத்துப் போட முன்வரவில்லை என்றால் அது இன்னொரு செய்தியும் சொல்கிறது, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கையெழுத்தை உங்கள் கண் முன்னால் வாங்குங்கள். தாளைக் கொடுத்தனுப்பி, "பத்துப் பேரிடம் வாங்கிட்டு வா" என்று சொன்னால் தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்து ஒரே பேனாவில் பத்துக் கையெழுத்தும் விழுந்துவிடும். எழுதத் தெரியாதவர் கைநாட்டு வைக்கலாம், ஆனால் அதை வீட்டில் வைத்தால் செல்லாது. தேர்தல் நடத்தும் அலுவலரோ அதற்கென அதிகாரம் பெற்றவரோ பார்க்கத்தான் வைக்க வேண்டும்.

படிவம் 26: ஒரு கட்டத்தையும் வெறுமையாக விடாதீர்கள்

மனு என்பது படிவம் 2பி. அதோடு கொடுக்கும் உறுதிமொழிப் பத்திரம் படிவம் 26. மனு நாலு பக்கம், உறுதிமொழிப் பத்திரம் அதைப்போலப் பல மடங்கு. உங்கள் சொத்து, மனைவி அல்லது கணவர் சொத்து, கூட்டுக் குடும்பச் சொத்து, உங்களை நம்பி இருப்பவர்கள் சொத்து என ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பத்தி. கையிருப்புப் பணம், வங்கி இருப்பு, காப்பீடு, வண்டி, நகையின் எடையும் மதிப்பும், நிலத்தின் சர்வே எண், பரம்பரையா வாங்கியதா, வாங்கிய தேதி, அன்றைய விலை, இன்றைய சந்தை மதிப்பு எல்லாம் கேட்பார்கள். பான் எண், கடந்த ஐந்து ஆண்டு வருமான வரிக் கணக்கில் காட்டிய வருமானம். வெளிநாட்டில் சொத்து இருந்தால் அதுவும். வழக்கு இருந்தால் காவல் நிலையம், முதல் தகவல் அறிக்கை எண், சட்டப்பிரிவு, குற்றச்சாட்டு பதிவானதா இல்லையா. படிப்பு. சமூக வலைத்தளக் கணக்குகள் கூட.

சொத்தே இல்லாதவர்கள்தான் இதில் மாட்டுகிறார்கள். "எனக்குத்தான் ஒன்றும் இல்லையே" என்று கட்டத்தை அப்படியே விட்டுவிடுவார்கள், அல்லது ஒரு கோடு கிழிப்பார்கள். இல்லை என்றால் "இல்லை" என்று எழுத வேண்டும். உங்களுக்குச் சம்பந்தமே இல்லாத கேள்வி என்றால் "பொருந்தாது" என்று எழுத வேண்டும். திருமணமாகாதவர் மனைவி பத்தியில் கீழே வரை "பொருந்தாது" என்று எழுதிக்கொண்டே போக வேண்டியதுதான், கை வலித்தாலும். வெறுமையாக விட்ட கட்டத்தை அதிகாரி சுட்டிக்காட்டிய பிறகும் நிரப்பவில்லை என்றால் மனுவைத் தள்ளலாம் என்று 2013இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மக்களுக்கு வேட்பாளரைப் பற்றித் தெரிந்துகொள்ளும் உரிமை இருக்கிறது, வெற்றுத்தாள் அந்த உரிமையைக் கெடுக்கிறது என்பது அதன் சாரம்.

பொய் எழுதினால் ஆறு மாதம் வரை சிறைத்தண்டனைக்கு வழி இருக்கிறது. அதைவிட முக்கியம், நீங்கள் கொடுத்ததை ஸ்கேன் செய்து தேர்தல் ஆணைய இணையதளத்தில் போட்டுவிடுவார்கள். பங்காளிக்கும் தெரியும், கடன் கொடுத்தவருக்கும் தெரியும். வீட்டில் சொல்லாமல் வாங்கிப்போட்ட மனை ஒன்று இருந்தால் மனு கொடுப்பதற்கு முந்தைய நாள் ராத்திரி வீட்டிலும் சொல்லிவிடுவது உசிதம்.

முத்திரைத்தாளில் அடித்து, நோட்டரி முன்னால் உறுதிமொழி எடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் உங்கள் கையெழுத்து, ஒவ்வொரு பக்கத்திலும் நோட்டரி முத்திரை. நடுவில் ஒரு பக்கம் விட்டுப்போவது சாதாரணமாக நடக்கும். நோட்டரி அலுவலகத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்னால் அங்கேயே நின்று ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பாருங்கள். அரசு குடியிருப்பில் கடந்த பத்து ஆண்டுக்குள் எப்போதாவது குடியிருந்திருந்தால் வாடகை, மின்சாரம், தண்ணீர், தொலைபேசி பாக்கி இல்லை என்ற சான்று வேண்டும். அதை வாங்கவே ஒரு வாரம் ஆகும், ஆகவே அறிவிக்கை வருவதற்கு முன்பே வாங்கி வையுங்கள்.

மனுவையும் உறுதிமொழிப் பத்திரத்தையும் ஆணையத்தின் சுவிதா தளத்திலேயே நிரப்பலாம். ஆனால் அதோடு வேலை முடியாது. அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, நோட்டரி முத்திரையும் வாங்கி, நேரில் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் தாக்கல்.

வங்கிக் கணக்கு, டெபாசிட், படம்

மனு கொடுப்பதற்கு ஒரு நாள் முன்பாவது தேர்தல் செலவுக்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்கியிருக்க வேண்டும். உங்கள் பெயரில் மட்டும், அல்லது தேர்தல் ஏஜென்டோடு சேர்த்து. மனைவியோடு சேர்ந்து வைத்திருக்கும் பழைய கணக்கு உதவாது.

டெபாசிட் 10,000 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளருக்கு 5,000, பொதுத்தொகுதியில் நின்றாலும் அதே சலுகை உண்டு. ஒரு தொகுதியில் எத்தனை மனு கொடுத்தாலும் ஒரு டெபாசிட்தான். காசோலை வாங்க மாட்டார்கள். சில்லறைக் காசை மூட்டை கட்டிக்கொண்டு போய்க் கொட்டி, பத்திரிகையில் படம் வர வைப்பவர்கள் ஒவ்வொரு தேர்தலிலும் உண்டு. அதை எண்ணி முடிப்பதற்குள் உங்கள் நேரம்தான் போகும். அதுபோக, ரூபாய் நாணயங்கள் 1,000 ரூபாய் வரைதான் சட்டப்படி செல்லும்.

இந்தத் தொகை ஏறியதற்குத் தமிழ்நாடும் ஒரு காரணம். 1996இல் ஈரோடு பக்கம் மொடக்குறிச்சித் தொகுதியில் 1,033 பேர் நின்றார்கள். விவசாயிகள் தங்கள் எதிர்ப்பைக் காட்ட எடுத்த வழி அது. வாக்குச்சீட்டைப் புத்தகம் போல அச்சடிக்க வேண்டியதாயிற்று. அப்போது சட்டமன்ற டெபாசிட் 250 ரூபாய். அதே ஆண்டு அதை 5,000 ஆக்கினார்கள், அப்புறம் 10,000.

படம் ஸ்டாம்ப் அளவு, 2 செ.மீ. அகலம், 2.5 செ.மீ. உயரம், பின்னணி வெள்ளை, மூன்று மாதத்துக்குள் எடுத்தது. தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் வேண்டாம் என்கிறது விதி. நம் ஊர் அரசியல் வரலாற்றை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது.

மனு கொடுக்கும் நாள்

ஊர்வலம், மேளம் எல்லாம் நூறு மீட்டருக்கு அப்பால். அந்த எல்லைக்குள் மூன்று வண்டிக்கு மேல் வரக் கூடாது, அறைக்குள் உங்களையும் சேர்த்து ஐந்து பேர்தான். நீங்கள் போக முடியாவிட்டால் முன்மொழிந்தவர்களில் ஒருவர் கொடுக்கலாம். மூன்றாமவர் யாரும் கொடுக்க முடியாது, வக்கீலாக இருந்தாலும்.

வாங்கிய பிறகு அதிகாரி ஒரு சரிபார்ப்புப் பட்டியல் தருவார். எது வந்தது, எது வரவில்லை என்று அதில் குறித்திருக்கும். அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மாலை போட்டுக்கொள்ளப் போய்விடாதீர்கள். அங்கேயே படியுங்கள். விட்டுப்போனதில் சிலவற்றைப் பிறகு சேர்க்கலாம். உறுதிமொழிப் பத்திரத்தில் குறை இருந்தால் பரிசீலனை தொடங்குவதற்குள் புதிதாகக் கொடுக்கலாம். வேறு தொகுதி வாக்காளர் என்றால் உங்கள் பெயர் உள்ள வாக்காளர் பட்டியலின் சான்றிட்ட நகல் வேண்டும், அதைப் பரிசீலனையின்போது காட்டினாலும் போதும். ஆனால் முன்மொழிபவர் பத்துக்குக் குறைந்தாலோ டெபாசிட் கட்டாமல் விட்டாலோ கடைசி நாள் 3 மணிக்கு மேல் எதுவும் செய்ய முடியாது.

இன்னொன்று, உறுதிமொழி எடுப்பது. மனு கொடுத்த கையோடு, இந்திய அரசமைப்பின் மீது பற்றும் நாட்டின் இறையாண்மையைக் காக்கும் உறுதியும் கொண்டிருப்பதாக அதிகாரி முன்னால் படித்துக் கையெழுத்திட வேண்டும். இது பரிசீலனைக்கு முந்தைய நாளுக்குள் முடிந்திருக்க வேண்டும். பரிசீலனையன்று காலையில் எடுத்தால் செல்லாது. அன்றே முடித்துவிட்டு அதற்கான சான்றையும் கேட்டு வாங்குங்கள்.

பரிசீலனையும் சின்னமும்

பரிசீலனையன்று நீங்களே போங்கள். கூடவே தேர்தல் ஏஜென்ட், ஒரு முன்மொழிபவர், எழுத்தில் அதிகாரம் கொடுத்த இன்னொருவர் வரலாம். அந்த இன்னொருவர் வக்கீலாக இருந்தால் நல்லது. எதிராளியின் ஆள் எழுந்து ஆட்சேபம் சொன்னால் பதில் சொல்ல அவகாசம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அற்பக் குறைக்காக மனுவைத் தள்ளக் கூடாது என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டமே சொல்கிறது, அந்தப் பிரிவு 36(4). அதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். தள்ளினால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். நடுவில் நீதிமன்றம் தலையிடாது. தேர்தல் முடிந்து 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குப் போடும்போது அந்தத் தாள் வேண்டும்.

வாபஸ் நேரம் 3 மணியோடு முடியும், அதன்பின் சின்னம் ஒதுக்குவார்கள். மனுவிலேயே மூன்று சின்னத்தை விருப்ப வரிசையில் எழுதியிருப்பீர்கள். ஆணையம் வெளியிட்டிருக்கும் கட்டற்ற (எந்தக் கட்சிக்கும் ஒதுக்கப்படாத) சின்னங்களின் பட்டியலில் இருப்பதாக அவை இருக்க வேண்டும். ஒரே சின்னத்தை இருவர் கேட்டால் குலுக்கல். தேர்ந்தெடுக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: படத்தைச் சின்னதாக, கறுப்பு வெள்ளையில் பார்த்தால் எழுபது வயதுப் பாட்டி பெயர் சொல்வாரா? குக்கர், பலாப்பழம் எல்லாம் சொன்ன மாத்திரத்தில் மனதில் நிற்கும். 2024 மக்களவைத் தேர்தலில் ராமநாதபுரத்தில் ஓ. பன்னீர்செல்வம் சுயேச்சையாக நின்றபோது அதே பெயரில் வேறு பலரும் களத்தில் இருந்தார்கள். பெயரை நம்ப முடியாத அந்த இடத்தில் பலாப்பழத்தைத்தான் அவர் தூக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது.

இயந்திரத்தில் வரிசையும் உங்கள் கையில் இல்லை. அங்கீகாரம் பெற்ற கட்சிகள் முதலில், பதிவுபெற்ற கட்சிகள் அடுத்து, சுயேச்சைகள் கடைசியில், ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் அகர வரிசை. ஒரு இயந்திரத்தில் நோட்டாவோடு சேர்த்து 16 பொத்தான். போட்டியாளர்கள் கூடினால் நீங்கள் இரண்டாவது இயந்திரத்துக்குப் போய்விடுவீர்கள். "ரெண்டாவது பெட்டியில, மேலேருந்து நாலாவது" என்று சொல்லிச் சொல்லித்தான் ஓட்டுக் கேட்க வேண்டும்.

பிரசாரத்தில் கணக்கு நோட்டு

தமிழ்நாட்டில் ஒரு சட்டமன்ற வேட்பாளர் 40 லட்சம் ரூபாய் வரை செலவு செய்யலாம். சுயேச்சைகளில் பெரும்பாலோர் அதன் அருகில்கூடப் போவதில்லை. ஆனால் நோட்டு எழுதும் கட்டாயம் எல்லோருக்கும் ஒன்றே. அதிகாரி தரும் பதிவேட்டில் தினசரிச் செலவுக்கு வெள்ளைப் பக்கம், ரொக்கத்துக்கு இளஞ்சிவப்பு, வங்கிக்கு மஞ்சள். பிரசார காலத்தில் குறைந்தது மூன்று முறை செலவினப் பார்வையாளரிடம் காட்ட வேண்டும். ஒரே ஆளுக்கோ நிறுவனத்துக்கோ தேர்தல் முழுவதும் சேர்த்து 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது.

நண்பர் சும்மா கொடுத்த நாற்காலியும் செலவுதான். மாவட்டத் தேர்தல் அலுவலர் டீ முதல் பந்தல் வரை ஒரு விலைப்பட்டியல் போடுவார். உங்கள் கூட்டத்தில் 50 நாற்காலி இருந்ததை வீடியோக் குழு எடுத்திருந்தால், அந்தப் பட்டியல் விலையில், உங்கள் செலவை அதிகாரிகள் தனியாக எழுதி வைக்கும் நிழல் பதிவேட்டில் ஏறும். உங்கள் நோட்டில் இல்லையென்றால் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும். நோட்டீஸ், சுவரொட்டி எதுவானாலும் அச்சகத்தின் பெயர் முகவரியும் வெளியிடுபவரின் பெயர் முகவரியும் இருக்க வேண்டும். அவசரத்தில் இதை விட்டுவிட்டு அடித்த ஆயிரம் நோட்டீஸை வீட்டுத் திண்ணையில் அடுக்கி வைத்திருந்த ஒருவரை எனக்குத் தெரியும்.

வழக்கு உள்ளவர்கள் அதன் விவரத்தைப் பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் மூன்று முறை வெளியிட வேண்டும், சொந்தச் செலவில். 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் எடுத்துப் போனால் பறக்கும் படைக்குக் காட்ட ஆவணம் வேண்டும். வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு 48 மணி நேரம் முன்பே பிரசாரத்தை நிறுத்திவிட வேண்டும்.

பூத்தும் எண்ணிக்கையும்

2021இல் மாநிலம் முழுக்க 88,937 வாக்குச்சாவடிகள். ஒரு தொகுதிக்குச் சராசரி 380. அத்தனை பூத்துக்கும் ஏஜென்ட் போட உங்களால் முடியாது, முடியாததை நினைத்து வருந்தவும் வேண்டாம். உங்களுக்கு வாக்கு வரும் என்று தெரிந்த இருபது முப்பது பூத்தில் நம்பிக்கையான ஆளைப் போடுங்கள். வாக்குப்பதிவு தொடங்குவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே அவர் போய்விட வேண்டும். குறைந்தது 50 மாதிரி வாக்குப் போட்டுக் காட்டுவார்கள். முடிந்ததும் அதை அழித்துப் பூஜ்யம் காட்டுகிறார்களா என்று பார்க்க வேண்டும். சாயங்காலம் படிவம் 17சி நகலை வாங்காமல் எழுந்து வரக் கூடாது. அந்த பூத்தில் மொத்தம் எத்தனை வாக்கு பதிவானது என்பது அதில் இருக்கும், எண்ணும் நாளில் ஒப்பிட அது ஒன்றுதான் உங்கள் கையில்.

எண்ணும் மேசையில் என்ன நடக்கும் என்பதற்கு ராதாபுரம் நல்ல பாடம். 2016இல் அங்கே அ.தி.மு.க.வின் இன்பதுரை, தி.மு.க.வின் அப்பாவுவை 49 வாக்கில் வென்றதாக அறிவித்தார்கள். 203 தபால் வாக்குகளைத் தள்ளியிருந்தார்கள். சான்றொப்பமிட்ட தலைமை ஆசிரியருக்கு அந்த அதிகாரம் உண்டா இல்லையா என்பதுதான் சண்டை. 2019இல் உயர் நீதிமன்றம் அந்தத் தபால் வாக்குகளையும் கடைசி மூன்று சுற்றுகளையும் மறுபடி எண்ணச் சொன்னது, முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. அதற்குள் பதவிக்காலமே முடியும் நேரம் வந்துவிட்டது. 2021இல் தியாகராய நகரில் வித்தியாசம் 137. ஆகவே எண்ணிக்கை ஏஜென்டிடம் சொல்லுங்கள்: தபால் வாக்குதான் முதலில், காலை 8 மணிக்கே தொடங்கும், அந்த மேசையை விட்டு நகர வேண்டாம்.

முடிவு வந்த பிறகு

டெபாசிட் திரும்ப வர, பதிவான செல்லத்தக்க வாக்கில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்க வேண்டும். இரண்டு லட்சம் வாக்கு என்றால் 33,334. நோட்டா இந்தக் கணக்கில் சேராது. மேட்டூர் பத்மராஜன் 1988 முதல் நாட்டின் பல தேர்தல்களில் நின்று நின்று டெபாசிட்டைக் கட்டிக்கொண்டே இருக்கிறார். அது அவருடைய இஷ்டம்.

ஜெயித்தவருக்கு வெற்றிச் சான்றிதழ் கொடுப்பது, பதவியேற்புக்கு அழைப்பு அனுப்புவது எல்லாம் மற்றவர்களே பார்த்துக்கொள்வார்கள். ஆனால் ஜெயித்தவர், தோற்றவர் எல்லோருக்கும் ஒரு வேலை பாக்கி, அதை மறப்பது பெரும்பாலும் தோற்றவர்தான். முடிவு அறிவித்த நாளிலிருந்து 30 நாளுக்குள் முழுச் செலவுக் கணக்கையும் ரசீதுகளோடு மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் ஒப்படைக்க வேண்டும். ஒரு பைசா செலவழிக்கவில்லை என்றாலும் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் மூன்று ஆண்டுக்கு எந்தத் தேர்தலிலும் நிற்க முடியாதபடி ஆணையம் தகுதி நீக்கம் செய்யலாம். ஒவ்வொரு தேர்தலுக்குப் பிறகும் அந்தப் பட்டியலில் பெயர் வருகிறவர்களில் சுயேச்சைகள் ஏராளம். 200 வாக்கு வாங்கிய வருத்தத்தில் நோட்டைப் பரணில் போட்டுவிட்டு மறந்தவர்கள்.

கணக்கைக் கொடுத்ததும் ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். அதை இரண்டு ஜெராக்ஸ் எடுத்து, ஒன்றைப் படிவம் 26 நகலோடு சேர்த்துக் கோப்பில் வையுங்கள். அடுத்த முறை மனு எழுத உட்காரும்போது முதலில் தேடுவது அந்தக் கோப்பைத்தான்.